பதினொரு சுருள்

ரெயூனியனுக்குப் போகிறேன் என்றதும்
கடைக்காரர் கலர் ஃபிலிம்தான் எடுத்து வைத்தார்.
தீவுக்குப் போகிறவன் கறுப்பு வெள்ளை கேட்டால்
கல்யாண வீட்டில் கஞ்சி கேட்டவன் மாதிரி
பார்க்கிறார்கள்.
பதினொரு சுருள். எல்லாம் கறுப்பு வெள்ளை.
ஒரு கலர் சுருளாவது பையடியில் கிடக்கட்டும் என்றது மனசு.
வைக்கவில்லை.
வைத்திருந்தால் எடுத்திருப்பேன்.

பச்சையாகச் சொன்னால்
எனக்குப் பச்சை அலுத்துவிட்டது.
கரும்புப் பச்சை, மலைப் பச்சை,
கோபுரத்துப் பொம்மைக்கு அப்பிய ஏழு பெயிண்ட்.
நான் பார்க்கும் முன்னாலேயே
தங்களைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.
கூவிக் கூவி விற்கிறவனிடம்
எதையும் வாங்கத் தோன்றாத குணம் எனக்கு.

எழுதினால் இரண்டு சொல், சொன்னால் ஒன்று:
சேந்தாந்த்ரே.
அங்கே கிஸ்லேன் சினிமலே, லாரி மெக்கானிக்,
பதினெட்டு நாள் விரதத்தின் கடைசி நாளில்
கார் ஷெட்டுக்குள் உட்கார்ந்து
எலுமிச்சம்பழம் கோத்துக்கொண்டிருந்தார்.
எடுக்கலாமா என்று கையால் கேட்டேன்.
கழுத்தால் சரி என்றார்.
மகள் லூதிவீன் கேமராவைத் திருப்பிப் பார்த்து
திரை எங்கே என்றாள்.

சாயந்தரம் ஐந்து மணி.
கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் குழி.
மழை வரப்போகிற வானம்.
வெக்கையில் லென்ஸ் நடுங்கியது,
அல்லது நான்.
எத்தனை அடி வைத்தார் என்று எண்ணவில்லை.
மூன்று முறை அழுத்தினேன்.
அதற்குள் அவர் கால்
பால் ஊற்றிய பள்ளத்தில் இறங்கிவிட்டது.

வாடகை அறையின் குளியலறையில் கழுவி
ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது
வயிற்றைக் கலக்கியது.
நெருப்பு இல்லை.
நெகட்டிவில் அப்படித்தான் இருக்கும் என்று
சமாதானம் சொல்லிக்கொண்டு சென்னை வந்து
பிரதி போட்டேன்.
அதிலும் இல்லை.
ஒரு மனிதர் ஜல்லிக்கல் மேல்
வெறுங்காலில் வேலைக்குப் போகிறார்,
அவ்வளவுதான் படம்.
சிவப்பு வேண்டாம் என்றவனுக்குச்
சிவப்பு கிடைக்கவில்லை. யாரைக் குறை சொல்ல?

ராத்திரி மறுபடி விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
ஜல்லியின் விளிம்புகள்
சற்றே மடிந்திருந்தன, இதழ் மாதிரி.
பூக்குழி என்று நம் பக்கம் சொல்வது
நெருப்பின் பேரைச் சொல்லப் பயந்துதான் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
பேர் வைத்தவருக்கும்
ஒரு நிமிஷம்
நிறம் தெரியாமல் போயிருக்குமோ.

மறு வருஷம் படத்தோடு போனேன்.
கிஸ்லேன் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.
முகத்தை விட்டுவிட்டு
கால்களையே வெகுநேரம் பார்த்தார்.
கிரெயோலில் அவர் சொன்னதை
லூதிவீன் ஆங்கிலத்தில் சொல்ல
நான் தமிழில் வைத்திருக்கிறேன்:
உள்ளே சிவப்பெல்லாம் இல்லை.
அது கயிற்றுக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு.
வழியில் எவ்வளவு தேய்ந்ததோ, தெரியாது.

கோபமெல்லாம் அவர் மனைவி சோலாந்துக்குத்தான்.
கூட்டத்தின் ஓரத்தில் தன்னைக் கண்டுபிடித்து
விரல் வைத்தாள்.
அன்றைக்கென்றே சேன் தெனி போய்
தவணையில் வாங்கிய புடவை.
இது என்ன, கரி பிடித்த துணியா?
கலரில் ஒன்று கொடு.
இல்லை என்றேன்.
எங்கேயாவது இருக்கும், தேடு.
எங்கேயும் இல்லை என்பதை
மூன்று மொழியில் சொல்ல வேண்டியிருந்தது.

பேனா எடுத்து வந்தாள்.
மேஜையின் கிரீஸ் கறைக்குத் தள்ளி
படத்தைக் குப்புறப் போட்டு
முன்பக்கம் மேடு தட்டும்படி
அழுத்தி எழுதினாள்:
ஆரஞ்சு.

எனக்கு அது மஞ்சள் என்று ஞாபகம்.