பாசி

மோட்டார் சைக்கிளில் வந்தாள் யாசா,
கிரீன்வில்லிலிருந்து, முழங்கால்வரை சேறு.
பையிலிருந்து அவள் எடுத்த தாள்
நாங்கள் அதுவரை பார்த்தேயிராத
எங்கள் சம்மதம்.

கம்பெனிக்காரன் அன்று அதை ஆங்கிலத்தில் வாசித்தான்.
நடுவில் அரிசி மூட்டைகள் இருந்தன.
நாங்கள் அரிசியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

யாசா க்ரூவில் வாசித்தாள்,
தப்பும் தவறுமாக. பிள்ளைகள் திருத்தினார்கள்.
"அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு" என்ற இடத்தில்
ஜுவாவின் கைக்குழந்தை தும்மியது.
யாரும் திருத்தவில்லை.

கடைசிப் பக்கம் பதினாறு பெருவிரல்கள்.
ஒன்பதாவது
என் அண்ணன் நிமேலி.

எழுந்துவிட்டேன்.
"அவன் செத்து இரண்டு மழைக்காலம் கழித்தல்லவா
இந்தத் தேதி?"

"சாட்சி இருக்கிறதா?"
சந்தேகமாக அல்ல,
பசித்தவள் சோறு இருக்கிறதா என்பதுபோல் கேட்டாள்.

எனக்கு எழுத்து தெரியாது.
கொக்கோ எடைபோட்ட பழக்கத்தில் எண் தெரியும்.
சிமெண்டு காயுமுன் ஆணியால்
அவன் தலைமாட்டில் கீறினேன்:
நாள், மாதம், 2009.
வாழ்நாளில் நான் எழுதியது அவ்வளவுதான்.

நடந்தோம்.
கொக்கோ நின்ற இடமெல்லாம் எண்ணெய்ப்பனை,
வரிசை வரிசை வரிசை,
நடுவே புல்டோசர் விலகிப்போன ஒரு மேடு.
ஓட்டியவன் யாரோ,
செத்தவர்களுக்காவது பயந்தவன்.

அடிக்கோலைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தாள்.
கம்பெனி வக்கீல் என்ன சொல்வான் என்பதையும்
அவளே சொன்னாள்:
ஆணி எல்லார் வீட்டிலும் உண்டு,
நேற்றுக்கூடக் கீறியிருக்கலாம்.

"ஜெயிப்போமா?"
"தெரியாது.
இனி அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்,
அதுமட்டும் தெரியும்."

மன்ரோவியாவுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது.
கடல் கடந்து இந்த எண்ணெயை வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று.
எட்டு வரிசைக்கு அப்பால் வண்டிகள் நிற்கின்றன,
இப்போதைக்கு.
காவல்காரனும் இப்போது
நான் போனால் வேறுபக்கம் பார்க்கிறான்.

கிளம்பும்போது யாசா சொன்னது:
எண்களின் பள்ளத்தில் பாசி பிடித்திருக்கிறது.
நேற்றுக் கீறியதில் அது இருக்காது.
சுரண்டிவிடாதீர்கள்.

அவர்கள் என்னை உள்ளே விடாத ஆண்டுகளில்
வளர்ந்த பாசி.

ஞாயிறு வாளியும் துணியுமாகப் போனேன்,
பழக்கதோஷம்.
தண்ணீரை ஒரு பனங்கன்றின் காலில் ஊற்றிவிட்டு
(அதன்மேல் என்ன கோபம்)
கைகட்டி உட்கார்ந்தேன்.

நிமேலி, கொஞ்சம் பொறுத்துக்கொள்.
அழுக்காகவே கிட.
கேஸ் நடக்கிறது.