நாலு நாளைக்கு ஒரு மடிப்பு

பழைய விளக்கு ஒரே நாளில் சாகவில்லை.
ஓராண்டாக மங்கிக்கொண்டே வந்தது.
எனக்கும் தெரியவில்லை,
பவளங்களும் வாய்திறந்து சொல்லவில்லை.

புது விளக்கைப் பட்டர்வொர்த்தில் வாங்கி
பெர்ரியில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன்.
கடைக்கார ஊய் பணத்தை எண்ணியபடி சொன்னார்:
“பெலான் பெலான். அவசரப்பட்டால் சுட்டுவிடும்.”
வீட்டில் ஏற்றித் தொட்டுப் பார்த்தேன்,
கையில் சூடே இல்லை.
சூடில்லாமலும் சுடும் என்பதைப்
பிறகுதான் படித்தேன்.

பவளத்தின் சதைக்குள்ளே
கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன.
வெளிச்சத்தைத் தின்று சர்க்கரை சமைத்து
பெரும்பங்கை வாடகையாகத் தருகின்றன.
வெளிச்சம் திடீரென்று கூடினால்
சமையல் தீய்ந்து வீடு முழுக்க நஞ்சு.
வீட்டுக்காரி
குடியிருந்தவர்களை வெளியே தள்ளுகிறாள்,
தள்ளிவிட்டுத் தானும் பட்டினி கிடக்கிறாள்.
நாம் பார்க்கும் அந்த வெள்ளை
ஆளில்லாத வீட்டின் சுண்ணாம்புச் சுவர்.

ரெலாவ் பாசார் மாலாமில்
ஆறு ரிங்கிட்டுக்குக் கொசுவலை.
எட்டாக மடித்துத் தொட்டியின் தலையில் போர்த்தி
துணிக்கிளிப்பால் கவ்வவைத்தேன்.
நாலு நாளைக்கு ஒரு மடிப்பு குறைக்க வேண்டும்.
மருந்துக்கடை நாட்காட்டியில்
இராகு காலத்துக்குப் பக்கத்தில் எழுதினேன்:
எட்டு. ஏழு. ஆறு.

என் வேலையிடத்திலும் வெளிச்சத்துக்குக் கணக்குண்டு.
பாயான் லெப்பாஸில், சில்லுக்குப் படம் தீட்டும் அறையில்
மஞ்சள் விளக்கு மட்டுந்தான்.
வெள்ளை பட்டால்
தட்டில் பூசிய மருந்து கெட்டுவிடும்.
பதினோரு வருடம் இரவு ஷிப்ட்.
முட்டைக்கரு நிறத்தில் எல்லார் முகமும்.
காலையில் வெளியே வந்தால்
பஸ் டிரைவர் ஹம்டான்
நீலம் பாரித்துத் தெரிவார், பாவம்,
நன்றாகத்தான் இருப்பார்.

ஐந்தாம் மடிப்பில் இருந்தபோது
சுங்கைப்பட்டாணியிலிருந்து நாத்தனார் வீட்டார் வந்தார்கள்.
கறுப்புத் திரைக்குப் பின்னால் நான் தூங்கினேன்.
“இவ்வளவு காசு போட்டு ஒண்ணும் தெரியலியே?”
யாரோ கேட்டிருக்கிறார்கள்.
தயாநிதி வலையை உருவி
விளக்கை நூற்றுக்கு ஏற்றிவிட்டார்.
பிள்ளைகள் கைதட்டினவாம்.
சாயங்காலம் நான் எழுந்தபோது
தொட்டி கல்யாண மண்டபமாக இருந்தது.
“மூணு மணி நேரந்தான்” என்றார்.
பிறகு, “நாலு இருக்கும்.”

ஐந்தாம் நாள் சுத்தியல் பவளம்
விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது.
பத்தாம் நாள் விளிம்பிலிருந்து வெள்ளை இறங்கியது,
பால்பல் நிறத்தில்.
நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
பாறை நிழலுக்குக் கீழே அதை இறக்கி
இறாலை மசித்து
ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினேன்.
டார்ச்சை மூடிப் பிடித்துக்கொள்ள
அவர்தான் வருகிறார், கூப்பிடாமலே.
வலை மறுபடி எட்டு.
ஒரு மாதம் தொடுவதில்லை என்று முடிவு.

போன வாரம் கம்பெனியில் கடிதம் கொடுத்தார்கள்:
ஒன்றாம் தேதியிலிருந்து பகல் ஷிப்ட்.
எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள்.
படுக்கையறைத் திரை இரண்டு அடுக்கு.
ஒன்றைக் கழற்றித் துவைத்துப் போட்டேன்.
காலை பத்து மணி
கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றது,
செருப்பைக் கழற்றாத விருந்தாளியாக.
தலையணையை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

நேற்று சுத்தியலின் ஒரு விளிம்பில்
கோப்பிக்கறை போல் ஒரு பழுப்பு.
கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தேன்.
யாரோ ஒருவர்
பெட்டி படுக்கையோடு திரும்பியிருக்கலாம்.
வெறும் அழுக்காகவும் இருக்கலாம்.

இன்றோடு மாதம் முடிகிறது.
நாட்காட்டி ஏழு என்கிறது.
கிளிப்பைத் திறந்தேன்.
வலையின் ஓரத்தைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
திரும்ப மாட்டிவிட்டேன்.
நாளைக்கு எடுக்கலாம்.