பதில் தராத பத்தொன்பது வீடுகள்

சம்பளத்துக்கு மறுநாள், சனிக்கிழமை.
லாபிஸ் பாலாய் ராயாவில் அறுபது நாற்காலி.
வந்தவர் இருபத்தேழு. பிறகு ஒரு நாய்,
காற்றாடிக்கு நேர்கீழே இடம் பார்த்துப் படுத்தது.

பல்கலைக்கழக வேனிலிருந்து இறங்கினார்
டாக்டர் ஹேமலோஷினி. பின்னால்
மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி அஸ்ருல்.
"எனக்குத் தெரிஞ்சது அடுப்படித் தமிழ்தான்,
வறுமைக்கோடு வரைக்கும் வராது" என்று சிரித்தார்.
அவர் மலாயில் பேசுவார்; நான் தமிழில் சொல்வேன்.
ஒரு மணி நேரம், ஐம்பது வெள்ளி.

செம்பனை ஆலையில் லோரி நிறுக்கிற கிராணி நான்.
சுமையோடு ஒரு தடவை, காலியாய் ஒரு தடவை,
நடுவே வருகிற வித்தியாசம்தான் பழம்.
இந்த வேலையும் அப்படித்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

முதல் படத்தில் ஓர் ஏணி.
'தலைமுறை தாண்டும் வறுமை' என்றேன்.
வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது,
கோயில் திருவிழா வரவேற்புரை மாதிரி.
யாரும் அசையவில்லை.
டாக்டர் என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார்,
படத்தை அணைக்கச் சொல்லிவிட்டு
தண்ணீர் போத்தல்களை மேசையில் நெருக்கி நிறுத்தினார்:
இது அப்பா வாங்கிய முன்பணம்,
இது பிள்ளை பள்ளியை விட்ட வருஷம்,
இது பஸ் வராத ரோடு, இது முதுகுவலி.
ஒன்றை உருவினார். மற்றவை சாயவில்லை.
ஒரு திட்டம் வந்து ஒன்றைத்தான் எடுக்கும்,
மிச்சமெல்லாம் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கும்.
அப்போதுதான் முன்வரிசை நிமிர்ந்தது.

'சமூக நகர்வு' என்று நான் சொன்ன இடத்தில்
உரக்கொட்டகை அமிர்தவல்லி கை தூக்கினார்:
"லயத்த ஒடச்சாங்க, பங்சாபுரிக்கு நகந்தோம்.
லிஃப்ட் கெட்டுச்சு, தெனம் நாலு மாடி நகர்றோம்.
இன்னும் எங்க தம்பி நகர்றது?"
அந்தச் சிரிப்பை மலாய்க்குக் கொண்டுபோனேன்;
அஸ்ருலிடம் சேர்வதற்குள்
பாதி வழியிலேயே சிந்திவிட்டது.

கடைசியில் வட்டப்படம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு. ஓரத்தில்
யாருக்கோ எடுத்துவைத்த கேக் மாதிரி
ஒரு சாம்பல் துண்டு.
பதில் சொல்ல மறுத்த வீடுகள், பத்தொன்பது, என்றார் மலாயில்.
ஏனென்று எங்களுக்குத் தெரியவில்லை.

எனக்குத் தெரியும்.
பி பிளாக், மூன்றாவது மாடி, வலது கடைசி.
கதவு தட்டிய மதியம் அடுப்பைக்கூட அணைத்தேன்.
உள்ளறையில் கபிலன், தங்கை விட்டுப்போன பிள்ளை,
பதினாறு வயது, பிறப்புப் பத்திரம் இல்லை,
பதிவிலாகா போய்வந்த பஸ் டிக்கட் மட்டும் ஒரு கத்தை.
மூச்சடக்கி நின்றோம்,
அஸ்ருலின் சப்பாத்துச் சத்தம் படியிறங்கும்வரை.

மைக்கில் சொன்னேன்:
"பத்தொம்போது வீட்ல அன்னிக்கி ஆளு இல்ல."

டாக்டர் திரும்பினார்.
'மறுத்த'வுக்கும் 'இல்ல'வுக்கும் உள்ள தூரம்
அடுப்படித் தமிழுக்கே தெரியும்.
இருபத்தேழு பேரில் சிலர் தரையைப் பார்த்தார்கள்.
அவர் அடுத்த படத்துக்குப் போனார்.

பிறகு மீகூன் தட்டோடு பக்கத்தில் வந்து கேட்டார்,
"அறிக்கையில என்னன்னு எழுதட்டும்?"

சில நாள் பழத்தோடு மழைத்தண்ணியும் ஏறி வரும், என்றேன்,
கழிக்க வழி கிடையாது.
எடைச்சீட்டின் ஓரத்தில் 'மழை' என்று எழுதி வைப்பேன்.
மேனேஜர் பார்த்தும் பார்க்காத மாதிரி
கையெழுத்துப் போடுவார்.

குறிப்பேட்டைத் திறந்தார்.
பத்தொன்பதுக்குப் பக்கத்தில், பேனாவை அழுத்தி,
தமிழிலேயே எழுதினார்: மளை.

நான் திருத்தவில்லை.

மீகூன் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு
பி பிளாக்குக்கு நடந்தேன்.
எத்தனை பேருக்கென்று
யாரும் கேட்கவில்லை.