ஏழரை அடி

ஏழரை என்றதும்
கண்ணாடிக்காரர் ராயப்பன் டேப்பைச் சுருட்டிவிட்டார்.
"எட்டா வச்சுக்கலாமே லாத்தா."
சுவருக்குச் சுவர் அவ்வளவுதான் இடம் என்றேன்.
சனி பிடித்தாலும் இந்த அறைக்குள் அடங்கித்தான் பிடிக்க வேண்டும்.

கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு.
ஆகவே தரையை உடைக்க யாரிடமும் கேட்கவில்லை.
மொசைக்குக்கு அடியில் வெறும் கடல்மணல்,
ஒன்றரை டன் நிற்காது என்று
குதிகாலால் தட்டிப் பார்த்தே சொன்னார் கொத்தனார் கருமலையான்.
கம்பி கட்டி கான்கிரீட் போட்டு
இருபத்தோரு நாள் நனைத்தோம்.
என் பிள்ளைகளுக்குக்கூட
இத்தனை ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியதில்லை.

பத்தொன்பது மில்லி கண்ணாடி, மதுரையிலிருந்து.
பரமக்குடி வேகத்தடையில் ஒரு பலகைக்கு மூலை போயிற்று.
அதற்குப் பன்னிரண்டு நாள்.
ஒட்டுப்பசை காய்ந்த வாரம் முழுக்க வினிகர் நெடி.
"ஊறுகாயா போடுறே?" என்று எட்டிப் பார்த்தாள்
எதிர்வீட்டு மைமூன்.

உப்பு வந்த அன்றுதான் தெருவே சிரித்தது.
இரண்டு வாளி, நாற்பத்தைந்து கிலோ, விமானத்தில்.
முந்நூறு அடியில் கடலை வைத்துக்கொண்டு!
முந்நூறு அடியில் இருப்பது
சாக்கடை வாயும் படகு டீசலும் கலந்தது என்று
யாருக்குத்தான் தெரியாது.
வாலிநோக்கத்து உப்பு மீன் குழம்புக்குப் போதும்,
மீனுக்குப் போதாது.

குடம் பன்னிரண்டு ரூபாய்க்கு லாரித் தண்ணீர்,
அதையும் வடிகட்டி
நீல டிரம்மில் உப்பைக் கரைத்தேன்.
மிதவை ஆயிரத்து இருபத்தைந்தில் நிற்கும்வரை
ஒரு கை, இன்னொரு கை.
அப்போது அவர் பேசினார்.
சீனி அசன், தலைமை எஞ்சினியர்,
மொம்பாசாவுக்கு வெளியே நங்கூரத்தில்.
கடலைக் குடிநீராக்கும் இயந்திரம் பழுதாம்,
மூன்று நாளாய் அதோடுதான் மல்லுக்கட்டு.
நான் குடிநீரைக் கடலாக்கிக்கொண்டிருந்தேன்.
கையைத் துடைத்துவிட்டு
"முதலில் பம்பைப் பாருங்க" என்றேன்.
பம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

குந்துகாலிலிருந்து பவளப்பாறைத் துண்டு
கொண்டுவரட்டுமா என்றான் ஒரு பையன், குரலைத் தாழ்த்தி.
தெருமுனைவரை விரட்டினேன்.
வனத்துறைக்குப் பயந்து பாதி.
மீதிப் பாதியை
அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.
சுட்ட மண் கற்களை அடுக்கினேன்,
குகை, பொந்து, ஒரு வளைவு.
வளைவு இரண்டு முறை சரிந்தது.

பிறகு நாற்பது நாள்
மீன் இல்லாத தண்ணீருக்குக் காவல்.
ஒரு துண்டு இறால் அழுகி
அமோனியா ஏற வேண்டும்,
கண்ணுக்குத் தெரியாத ஏதோ அதைத் தின்ன வேண்டும்,
அது கழித்ததை வேறொன்று தின்ன வேண்டும்.
பிள்ளை பெற்றவள் போல வீட்டைவிட்டு நகரவில்லை.
சோதனைக் குழாய் பச்சை, பச்சை, பச்சை.
முப்பத்தேழாம் நாள் மஞ்சள்.
எலுமிச்சை மஞ்சள் இல்லை,
கொஞ்சம் அழுக்கு மஞ்சள்.
அதற்கே இரண்டு ரக்அத் தொழுதேன்.

கொச்சியில் தொட்டியிலேயே பொரித்த கோமாளி மீன் இரண்டு
தெர்மோகோல் பெட்டியில்
ராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு வந்தன.
கடலையே பார்த்திராத கடல்மீன்கள்.
ஒன்று வந்ததும் தின்றது.
மற்றது பம்புக்குப் பின்னால்.
அன்றிரவு வாடைக்காற்றில் மின்சாரம் போனது,
பேட்டரிக் காற்றுக்குழாயைப் பிடித்தபடி
விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்,
குமிழ்ச் சத்தம் மட்டும்.

தினம் ஒரு விரல் மட்டம் இறங்குகிறது.
போவது தண்ணீர்தான்,
உப்பு ஒரு பொடிகூடப் போவதில்லை.
இது தெரியாமல் முதல் வாரம்
குறைந்த இடத்தில் உப்புத் தண்ணீரே ஊற்றி
கரிப்பை ஏற்றிவிட்டேன்.
ஒன்பது மாதம் போனவருக்கு
ஒவ்வொரு அழைப்பிலும் அழுது ஊற்றியவள்தானே நானும்,
கலியாணமான புதிதில்.

இப்போது நல்ல தண்ணீர்.
சொட்டுச் சொட்டாக, அதற்கொரு குழாய்.
இன்று லாரி வரவில்லை.
பின்கட்டில் இரண்டு குடம் இருக்கிறது.
ஒன்று சோற்றுக்கு.