உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை

பெரியகல்லாற்றில் எனக்குத் தந்தது
அறுபது வீடு, நாலு கடை.
ஒரு தாளுக்கு இருபத்திரண்டு கேள்வி,
ஒவ்வொன்றின் கீழும் ஐந்து பெட்டி:
முழுமையாக உடன்படுகிறேன் என்பதில் தொடங்கி
முழுமையாக மறுக்கிறேன் வரை.
ஆனி மாதம். கச்சான் காற்று தாளைப் பறிக்க
முழங்கையால் கேள்வியை அமத்திக்கொண்டு
பதிலை எழுதினேன்.

ஏழு: சிகரெட் வரியை இன்னும் கூட்ட வேண்டும்.
தோணியைக் கவிழ்த்து
ஓட்டைக்குப் பிசின் அடைத்துக்கொண்டிருந்த
சாமித்தம்பி நிமிரவில்லை.
"கூட்டட்டும்.
போன முறை கூட்டக்குள்ள
பெட்டிய விட்டுட்டு பீடிக்கு வந்தன்.
இன்னும் கூட்டினா
பீடிய ரெண்டா முறிச்சிப் பத்துவன்.
விடுறதெண்டா நான்தானே விடோணும்,
மந்திரியா விடுறது?"
எந்தப் பெட்டி ஐயா?
"பெரிசு எது?"
எல்லாம் ஒரே அளவு.

பதினொன்று: பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட விற்கக்கூடாது.
இன்பராசா கடையில் முழுமையாக உடன்பட்டார்,
நான் புள்ளடி போட்டு முடிக்கும்வரை
கண்ணெடுக்காமல் பார்த்தார்.
மறுகா ஒரு பொடியன் வந்து நிற்க
மேசைக்குக் கீழே கைவிட்டு
ஒன்றே ஒன்றை உருவிக் கொடுத்தார்.
"இவன்ட அப்பாக்கு," என்றார்
நான் கேளாமலே.
வாசல் கயிற்றில் லைட்டர் ஆடிக்கொண்டிருந்தது.
"இதுல எனக்கு லாபமில்ல தங்கச்சி.
இது இல்லாட்டி
தேத்தண்ணிக்கு ஆள் வராது."

பதினான்கு: வீட்டில் யாராவது புகைப்பவர் உண்டா?
"இருந்தவர்," என்றார் யோகமலர்.
தாளில் ஆம் இருக்கிறது, இல்லை இருக்கிறது,
இருந்தவர் இல்லை.
மூன்று வருசம்
மகரகமைக்குப் போற இரவு பஸ்ஸிலேயே
போய்விட்டதாம் சீவியம்.
"தடை செய்யோணும் எண்டு எழுதுகா.
முழுசா.
கடைக்கே வரப்படாது எண்டு எழுது."
அடுத்த கேள்விக்கு நான் தாளைத் திருப்ப
கையைப் பிடித்தார்.
"கடைசி மாசம் கேட்டு அழுதார்.
குரல் இல்ல, விரலக் காட்டித்தான் கேட்டார்.
நான்தான் வாங்கிக் குடுத்தன்.
அதையும் எழுது."
ஓரத்தில் எழுதினேன்.
ஓரங்களை யாரும் எண்ணுவதில்லை.

பதினெட்டு: மின்சிகரெட், சிகரெட்டைவிடத் தீங்கு குறைந்தது.
பாலத்துக் கட்டில் மூன்று பேர்.
நடுவிலிருந்தவன் கையில்
பேனா மூடியளவில் நீலமாய் ஏதோ.
"இது புகையில்லக்கா, ஆவி.
புகையெண்டா நாறுமே,
மணந்து பாருங்க, வத்தகப்பழம்."
தடை செய்ததுதானே, எங்கே வாங்கினாய்?
"தடையெண்டபடியாத்தானே இந்த விலை."
மற்ற இருவரும் சிரித்தார்கள்.
ஆவி.
விடிய என் பிட்டுக்குழலில் ஏறியதும் அதுதான்.
யோகமலர் வீட்டில் முப்பத்தோராம் நாள்
விளக்கு வைத்துக் கூப்பிட்டதும் அதுதான்.
அவன் விட்டதைக் கச்சான் தூக்கிக்கொண்டு
கடல் பக்கம் போனது.
வலையிழுக்கிற யாருக்காவது
வத்தகப்பழம் மணந்திருக்கும்.

இரவு புள்ளடிகளை எண்ணினேன்.
அறுபதில் ஐம்பத்திரண்டு வீடு
தடையோடு உடன்படுகிறது.
ஐம்பத்திரண்டில் முப்பது வீட்டு முற்றத்தில்
நான் குறுணி மிதித்து வந்தேன்.
மிதித்ததை எழுதப் பெட்டி இல்லை.

அறைக்குள் அவர் தூங்குகிறார்.
முன்பு இந்த நேரம் இருமல் எழுப்பும்,
பிள்ளையும் எழும்பும்.
கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பியதைப்
பிடிக்கத் தொடங்கி எட்டு மாதம்.
சிகரெட் இல்லை, இருமலும் இல்லை,
ஆனால் அது இல்லாமல் மலசலகூடத்துக்கும் போகார்.
நேற்று பிள்ளை பென்சிலை வாயில் வைத்து
கன்னம் உப்பி ஊதினாள்.
இருவரும் பார்த்தோம்,
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு தாள் மிஞ்சியிருந்தது.
கணக்கெடுப்பவர் வீடு கணக்கில் சேராது.
எண்டாலும் பதினெட்டுக்கு வந்து
பேனையை வைத்து எடுத்தேன், வைத்து எடுத்தேன்.
நடுப்பெட்டியில் மை ஊறி
பின்தாளிலும் தெரிந்தது.

சுவரில், என் போனுக்குப் பக்கத்தில்,
அவருடையது குத்தியபடி கிடந்தது.
சிவப்புப் பொட்டு பச்சையாகியிருந்தது.
எழும்பிப் போய்க் கழற்றி வைத்தேன்,
கரண்ட் வீணாகக்கூடாதென்று.