கேட் போட்ட நேரம்

செங்குன்றத்திலிருந்து கஜபதி
உமி பரப்பிக் கொண்டுவரும் நூற்றிருபது முட்டையில்
ஏழெட்டு எப்படியும்
மூலக்கடைப் பள்ளங்களுக்குப் போய்விடும்.
மிச்சத்தை முப்பத்தெட்டு டிகிரியில் படுக்கவைத்து
ஓட்டின்மேல் பென்சிலால் மணி எழுதுவேன்.
"குஞ்சு பொரிக்கவும் விடமாட்ட, ஆம்லெட்டும் போடமாட்ட,
இன்னாதாம்மா பண்ற?" என்பார்.
நான் வாய் திறப்பதற்குள் வண்டியை உதைத்துக் கிளம்பிவிடுவார்.

மூன்றாம் நாள்
கத்தரியால் ஒரு சன்னல்.
மஞ்சள்மேல் ஒரு காற்புள்ளி கிடக்கிறது,
இதயம் மட்டும் ஏதோ அவசரத்தில்.
அடியில் கறுப்பு மசி விட்டால்தான் முதுகு தெரியும்.
தண்டுவடம் என்று சொல்ல முடியாது இன்னும்,
மூடிக்கொண்ட ஒரு குழாய்.
அதற்குள் பச்சைச் சாயம் கலந்த டி.என்.ஏ. ஒரு துளி.
இருபத்தைந்து வோல்ட், ஐந்து முறை.
மின்முனையில் பொடிநுரை எழும்.
டேப் ஒட்டி மூடிவிட்டு
கையை முகர்ந்து பார்ப்பேன், காரணமில்லாமல்.
கோழிப்பண்ணை கொஞ்சம், மணலி கேஸ் கொஞ்சம்.

தண்டையார்பேட்டையில் ஆய்வகம் வைத்தவர்கள்
லாரிகளிடம் கேட்டுக்கொண்டு வைக்கவில்லை.
துறைமுகத்துக்குக் கன்டெய்னர்கள் வரிசை கட்டும் இரவுகளில்
மைக்ரோஸ்கோப் மேசைக்குக் குளிர்காய்ச்சல்.
தில்ஷாத் சன்னலில் நின்று சொல்வாள்:
"இப்ப எடு. இரு, இரு, இன்னொண்ணு வருது."
இரண்டு லாரிகளுக்கு நடுவில்
மூச்சை அடக்கி எடுத்தவைதான்
என் படங்கள் எல்லாமே.

ஐந்தாம் நாள் முதுகைப் பிரித்து
புத்தகம் போல் விரித்து வைக்கிறோம்.
நடுவில் ஒரு கோடு.
இந்தப் பக்கத்து நரம்பிழை
அந்தக் கோட்டை ஒரே ஒருமுறை கடக்கும்.
வா வா என்று தூரத்திலிருந்தே இழுத்த இடம்
தாண்டிய மறுகணம் போ என்கிறது.
அப்புறம் அது திரும்புவதில்லை.
நான் அணைத்தது ஒரு மரபணு.
அணைத்தால், கடக்க வந்தவை நடுக்கோட்டிலேயே
போகவும் தெரியாமல் வரவும் தெரியாமல் நிற்கின்றன.
"நம்ம கொருக்குப்பேட்டை கேட் மாதிரி மேடம்" என்றேன்.
டாக்டர் சுகிர்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கேட் தீசிஸ்ல வராது. எத்தனை முட்டை?"
இருபத்து மூன்று.
"லேபிளை மறைச்சிட்டு மறுபடி எண்ணு."

வீட்டில் இன்னொரு கணக்கு.
கிரேன் கொக்கியில் இடுப்பை விட்ட ஏகாம்பரம் அண்ணன்
ஸ்டான்லியில் எடுத்த எக்ஸ்ரேயோடு வந்து
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பார்.
"தண்டுவடம்தானே படிக்கிற, இத்தப் பாரு."
அண்ணே, நான் அந்த டாக்டர் இல்லை.
"எலும்பு எலும்புதானே."
எலும்புகூட இல்லை அண்ணே, அதற்குள்ளே இருப்பது,
அதுவும் கோழிக்கு, அதுவும் பிறக்காத கோழிக்கு.
அவர் எக்ஸ்ரேயை மடிக்காமல் உறையில் போடும் விதத்தில்
எனக்கு ஒவ்வொரு முறையும் எதுவோ குறைகிறது.

இரண்டு ராத்திரி எண்ணினேன்.
ஒரு டிரே கரண்ட் போனதில் குளிர்ந்து செத்தது, சேர்க்கவில்லை.
லேபிள்களை தில்ஷாத் பிரிக்கட்டும் என்று
வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பி
கேட்டில் மாட்டிக்கொண்டேன்.
முன்னால் மீன்பாடி வண்டி, பின்னால் ஷேர் ஆட்டோ,
ஸ்கூட்டரில் ஒரு குழந்தை தூங்குகிறது.
செல்போன் அதிர்ந்தது.
"பிரிச்சாச்சு. நடுவுல நின்னது பதினேழு.
எல்லாமே உன்னோடது."
சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்ல?
மீன்பாடிக்காரரிடம் நேரம்தான் கேட்டேன்.

வண்டி இன்னும் வரவில்லை.
ஏகாம்பரம் அண்ணன்
இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு
கம்பிக்கு அடியில் குனிகிறார்.
"அண்ணே, குனியாதீங்க!"
பாதியில் ஒரு கணம் நின்றார். வலியாக இருக்கும்.
பிறகு தண்டவாளம் தாண்டி
அந்தப் பக்கம் மெதுவாக நிமிர்ந்தார்.
கூப்பிட்டது கேட்டிருக்கும்.
அந்தப் பட்டையோடு திரும்பிப் பார்க்க முடியாது,
கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு
நடந்தார்.