மூன்றாம் அத்தியாயத்து ஜன்னல்

ப்ஷெரோவ் லென்ஸ் தொழிற்சாலையின் கணக்கு அறையில்
கிழக்கு மூலை எனக்கு,
மேற்கு மூலை லிபூஷே ஹனாகோவாவுக்கு.
ஒரே கதிரை இருவரும் போடவேண்டும்,
ஒருவர் தாளை மற்றவர் பாராமல்.

கதிர் என்றால் எங்களுக்கு வெளிச்சம் இல்லை.
ஆறிலக்க மடக்கை அட்டவணை, சைன், கழித்தல்,
அழிரப்பர் தூசி.
ஒரு பரப்பைத் தாண்டப் பன்னிரண்டு நிமிடம்.
நான் தொடங்கும்போது சூரியனைவிட்டுக் கிளம்பியது
நான் முடிக்குமுன் வந்து
என் மைக்கூட்டில் உட்கார்ந்திருக்கும்.

எட்டுப் பரப்பு. கடைசியில் ஓர் எண்.
ஐந்து மணிக்கு ஹ்ரூபேஷ்
இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்.
ஒத்துப்போனால் கோட்டை மாட்டிக்கொள்ளலாம்.

ஆலை நூலகத்தில் அந்த நாவல் ஒரு பிரதிதான்.
ஒற்றைப்படை நாளில் அவள், இரட்டையில் நான்.
அட்டை போய்விட்டது, எழுதியவர் பெயரும் அதோடு.
மூன்றாம் அத்தியாயத்தில்
நாயகியின் ஜன்னல் கிழக்கே ஆற்றைப் பார்க்கிறது.
பதினோராம் அத்தியாயத்தில்
அதே ஜன்னல் வழியாக
அந்தி வெயில் வந்து அவள் கடிதத்தின்மேல் விழுகிறது.

சும்மா இருக்க முடியவில்லை.
வரைபடத் தாளின் பின்பக்கம் வீட்டை வரைந்தேன்:
படி, அடுப்பு, கட்டில், கதவு திறக்கும் திசை.
வீடு நிற்கவில்லை.
எப்படித் திருப்பினாலும்
ஒன்று ஆறு போய்விடுகிறது, அல்லது சூரியன்.

சாப்பாட்டு வேளையில் காட்டினேன்.
உருளைக்கிழங்கை மென்றபடி லிபூஷே சொன்னாள்:
"அது மாய பிம்பம், போஹ்தானா.
திரை வைத்துப் பிடிக்கப் பார்த்தால் கிடைக்காது.
கண்ணை வைத்தால் இருக்கும்."
எனக்குக் கோபம்.
மாய பிம்பத்துக்கும் தூரம் உண்டு,
எதிர்க்குறி போட்டாவது எழுதியாக வேண்டும் என்றேன்.

இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள் எங்கள் எண்கள் பேசவில்லை:
மூன்றாம் தசமத்திலேயே பிரிந்துவிட்டன.
விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னோக்கித் தேடினோம்.
கிரௌன் கண்ணாடியில் ஒன்றாகவே இருந்தோம்,
ஃபிளின்ட்டில் ஒன்றாகவே.
இரண்டுக்கும் நடுவே உள்ள காற்றில்
அவள் 4.12 நடந்திருந்தாள், நான் 4.21.
அட்டவணையில் காற்றுக்குப் பெயர் எழுதுவதில்லை;
அந்தக் கட்டம் காலி.
ஹ்ரூபேஷ் திட்டவில்லை.
என் தப்பான இடைவெளியோடு
இன்னும் நான்கு கதிர் போடச் சொன்னார்.
ஓரம் கூர்மையானது.
நடு மங்கியது.
தாளை மடித்து இழுப்பறையில் வைத்தார்,
பிறகு அதைப் பற்றிப் பேச்சில்லை.

மார்ச்சில் லிபூஷே ப்ர்னோவுக்கு மாற்றலானாள்.
நாவலை இனி எல்லா நாளும் வைத்துக்கொள்ளலாம்.

அந்த வாரம்தான் பெச்வா ஆற்றுக்கு அப்பால்
மாவு மில்லின் நான்காம் மாடிக்கு,
போரில் உடைந்ததற்கெல்லாம்,
புதுக் கண்ணாடி போட்டு முடித்தார்கள்.
நான் குடியிருக்கும் அறையும் கிழக்கு பார்த்தது.
மத்தியானத்துக்குப் பின் அங்கே
வெயிலைக் கண்டதே இல்லை.
வியாழன் ஆறு மணி இருக்கும்,
காலுறை தைத்துக்கொண்டிருந்தேன்.
ஊசி சிவந்தது.
கை சிவந்தது.
சுவரில் என் தலையின் நிழல்,
இருக்கக்கூடாத பக்கத்தில்.

எழுந்து பார்த்தேன்:
என் முதுகுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருந்த சூரியன்
மில்லின் கண்ணாடியில் பட்டு, ஆற்றைத் தாண்டி,
கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.
நான்கு நிமிடம்.
அப்புறம் பழைய சாம்பல்.

பழைய தாளை எடுத்தேன்.
ஜன்னலிலிருந்து கோடு இழுத்தேன்.
ஆற்றின் பாதியில் தாள் முடிந்துவிட்டது.
கோதுமைப் பசை கரைத்து
இன்னொரு தாள் ஒட்டினேன், அதுவும் போதவில்லை.
எதிர்க்கரையில் ஒரு வீடு வேண்டும்,
கதையில் யாரும் ஒரு தடவையும் போகாத வீடு,
அதற்கு ஒரு மாடி,
யாரோ துடைத்துவைத்த கண்ணாடி.

ப்ர்னோவுக்குத் தபாலில் அனுப்ப
எட்டாக மடித்தேன்.
பசை இன்னும் காயவில்லை.